தொட்டியில் தானாக முளைத்து, தொட்டால் கண்ணில் தெறிக்கும் இந்தச் செடி என்ன?

ஈரமண் (ஏப்ரல் 19)

எல்லோருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் ரெடிங்கில் இருக்கிறேன், சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். வீட்டுக்குப் பின்னால் சிமென்ட் தளம், அதில் பதினைந்து தொட்டி, என் தோட்டம் அவ்வளவுதான். போன செப்டம்பரில் ஒரு நர்சரியில் லாவெண்டர் வாங்கினேன். தொட்டியின் ஓரத்தில் கீரை நாற்று மாதிரி ஏதோ பொடியாக முளைத்திருந்தது. பச்சையாக எதைப் பார்த்தாலும் பிடுங்க மனசு வராத ஆள் நான், விட்டுவிட்டேன். குளிர்காலம் முழுக்க அது தரையோடு தரையாக, சின்ன வட்டத் தட்டு மாதிரி படுத்துக் கிடந்தது. ஜனவரியில் பனி விழுந்து லாவெண்டரே கறுத்துப் போச்சு, இதற்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. பிப்ரவரி கடைசியில் நடுவிலிருந்து தண்டு வந்து வெள்ளையாகப் பொடிப் பூ பூத்தது. இப்போது பூவைச் சுற்றி ஊசி ஊசியாகக் காய்.

நேற்று சரி, இனியும் விடக்கூடாது என்று குனிந்து பிடுங்கப் போனேன். கை பட்டதும் படபடவென்று முகமெல்லாம் ஏதோ தெறித்தது, ஒன்று நேராகக் கண்ணுக்குள். பத்து நிமிடம் கண்ணைக் கழுவினேன். என் பெண்ணுக்கு ஒரே சிரிப்பு, "அப்பா, பட்டாசுக்காய்!" என்று. ஊருக்குப் போயிருந்தபோது பட்டாசுக்காயை எச்சில் தொட்டு வெடிக்க வைத்ததை இன்னும் மறக்கவில்லை.

இது என்ன செடி? விஷமா? ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தால் கடுகு வாசனை வருகிறது. மற்ற தொட்டிகளிலும் இருக்கிறது என்று இன்று காலைதான் கவனித்தேன்.

பெரியகொல்லை (ஏப்ரல் 19)

தம்பி, படமே வேண்டாம். இது ஹேரி பிட்டர்கிரெஸ். தாவரவியல் பெயர் கார்டமைன் ஹிர்சுட்டா, 1753இல் லின்னேயஸ் வைத்தது. பிரிட்டனில் தொட்டி வைத்திருக்கிற எல்லோர் வீட்டிலும் இருக்கும், பாதிப் பேருக்குப் பெயர் தெரியாது. விஷமில்லை, சாப்பிடலாம். கடுகு, முள்ளங்கி, முட்டைகோஸ் குடும்பம்தான். பூவைப் பாருங்கள், நான்கு இதழ் சிலுவை மாதிரி இருக்கும்.

அடையாளத்துக்கு இலையைப் பாருங்கள். நடுக்காம்பின் இரண்டு பக்கமும் வட்டமான குட்டி இலைகள் சோடி சோடியாக, நுனியில் மட்டும் ஒன்று பெரிதாக, சிறுநீரக வடிவத்தில் இருக்கும். பெயரில் 'ஹேரி' என்று இருப்பதை நம்பி மயிரடர்ந்த இலையைத் தேடினால் கிடைக்காது. இலையின் மேல்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலு முடி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் தெரியும். காய் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் நீளம், விறைப்பாக மேல்நோக்கி நிற்கும். கீழே இருக்கும் காய்கள் உச்சியில் இருக்கும் பூவையும் தாண்டி உயர்ந்து நிற்கும், அதுதான் பெரிய அடையாளம்.

தெறித்தது விதை. காய் முற்றிவிட்டது. நீங்கள் இரண்டு வாரம் தாமதம்.

ஈரமண் (ஏப்ரல் 19)

நன்றி அண்ணா. அப்போது நர்சரியிலிருந்தே வந்ததா? காசு கொடுத்துக் களை வாங்கி வந்திருக்கிறேன்.

பெரியகொல்லை (ஏப்ரல் 19)

நீங்கள் மட்டுமா. இது ஊர் ஊராகப் போவதே நர்சரித் தொட்டியில்தான். தினமும் தண்ணீர், ஈரம் காயாத கம்போஸ்ட், பக்கத்தில் பக்கத்தில் ஆயிரம் தொட்டி, இதைவிட இதற்கு என்ன வேண்டும்? புதிதாக எந்தச் செடி வாங்கினாலும் மேல்மண்ணை இரண்டு விரல் ஆழம் சுரண்டிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கம்போஸ்ட் போட்டு நடுங்கள். பத்து வருஷமாக என் அலாட்மென்ட்டில், அதாவது வாடகைத் தோட்டத் துண்டில், இதைத்தான் செய்கிறேன், அப்படியும் வருகிறது, ஆனால் குறைவு.

வாய்க்கால் (ஏப்ரல் 20)

பெயர் தெரியாத செடியை இணையத்தில் நாலு பேர் சொன்னார்கள் என்று வாயில் வைக்கச் சொல்லாதீர்கள். ஊரில் எது கீரை எது களை என்று ஆச்சிக்குத் தெரியும். இந்த ஊர் மண்ணில் நமக்கு எந்த ஆச்சி இருக்கிறாள்? கடுகு வாசனை வருகிறதாம், அதனால் தின்னலாமாம்.

கொக்குவிலாள் (ஏப்ரல் 20)

வாய்க்கால் அண்ணை சொல்வது முறைதான், அடையாளம் தெரியாமல் எதையும் வாயில் வைக்கக்கூடாது. ஆனால் இந்த மண்ணுக்கும் ஆச்சிமார் இருந்திருக்கிறார்கள் அண்ணை, அவர்கள் கதைத்தது வேறு பாஷை, அவ்வளவுதான். இந்தச் செடிக்கு இங்கே லாம்ப்ஸ் கிரெஸ் என்றும் ஒரு பழைய பெயர் உண்டு. நான் ஹரோவில் இருபது வருசமாக இருக்கிறேன், பக்கத்து வீட்டு வயதான அம்மா ஒருவர்தான் எனக்கு இதைக் காட்டித் தந்தவர். மரக்கறி விலை ஏறினால் சான்விச்சுக்குள் இதைத்தான் வைப்பாராம்.

எங்கள் வீட்டில் இது வல்லாரைச் சம்பல் செய்கிற மாதிரித்தான். இரண்டு கைப்பிடி இலை, கழுவித் தண்ணீர் வடிய விட்டு, கூர்க் கத்தியால் அரிந்தது. கசக்கினால் கசப்பு ஏறும், அதால் நசிக்காமல் அரியுங்கள். சின்ன வெங்காயம் நாலு, பச்சைமிளகாய் ஒன்று போதும், ஏனென்றால் இலையிலேயே உறைப்பு உண்டு. தேங்காய்ப்பூ (துருவல்) ஒரு கைப்பிடி, உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் (எலுமிச்சை) புளி. சோறும் பருப்பும் இருந்தால் வேறு கறி தேவையில்லை. என்னுடைய மகன் பிட்சாவின் மேலே தூவிச் சாப்பிடுகிறான், நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

ஆனால் தம்பி, உங்களது இப்போது காய்த்துவிட்டது. ருசி போயிருக்கும், இலை சிறுத்துக் கசக்கும். நல்ல காலம் கார்த்திகையிலிருந்து மாசி வரைக்கும், பூ வர முதல், தரையோடு படுத்திருக்கிற நேரம்.

ஈரமண் (ஏப்ரல் 20)

அக்கா, வல்லாரைச் சம்பல் என்றதும் எனக்குப் பசி எடுத்துவிட்டது. வதக்கிச் செய்யலாமா? என் மனைவிக்குப் பச்சைக் கீரை பழக்கமில்லை.

கொக்குவிலாள் (ஏப்ரல் 20)

வறையும் செய்து பார்த்தேன். கீரை மாதிரி இருக்கும், ஆனால் அந்த உறைப்புப் போய்விடும். வெறும் இலைதான் மிஞ்சும்.

நுண்ணோக்கி (ஏப்ரல் 20)

ஏன் போகிறது என்று நான் சொல்கிறேன். இலையில் உறைப்பு உறைப்பாகவே இருப்பதில்லை. குளுக்கோசினோலேட் என்ற பொருள் ஒரு அறையில், மைரோசினேஸ் என்ற நொதி வேறொரு அறையில் தனித்தனியாக இருக்கும். நாம் மெல்லும்போதோ புழு கடிக்கும்போதோ செல்கள் கிழிந்து இரண்டும் கலந்து, அப்போதுதான் கடுகெண்ணெய்க் காரம் பிறக்கிறது. சூடு பட்டால் நொதி செத்துவிடும், பிறகு எவ்வளவு மென்றாலும் காரம் வராது.

இது நம் சமையலறையில் தினமும் நடப்பதுதான். தாளித்த கடுகைக் கடித்தால் மூக்கில் ஏறுமா? ஏறாது, கொதிக்கிற எண்ணெயில் நொதி போய்விட்டது. அதே கடுகைப் பச்சையாகத் தண்ணீர் விட்டு அரைத்து ஊறுகாயில் போட்டால் கண்ணில் தண்ணீர் வரும். முருங்கையும் இதே வரிசைத் தாவரம்தான், குடும்பம் வேறு. முருங்கை வேரைக் கிள்ளி முகர்ந்தவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், அந்த விதை தெறிப்பதைப் பற்றி யாரும் கேட்காவிட்டாலும் நான் எழுதப் போகிறேன். ஜெர்மனியில் ஒரு ஆய்வுக்கூடத்தில் வேலை, எங்களுக்கு இந்தச் செடி களை இல்லை, வளர்ப்புப் பிள்ளை. மேசை நிறைய வளர்க்கிறோம். நேரம் கிடைக்கும்போது வருகிறேன்.

வாய்க்கால் (ஏப்ரல் 20)

களையை வளர்க்கச் சம்பளமா. நல்ல நாடு.

குன்னூர்க்காற்று (ஏப்ரல் 21)

ஒரு சந்தேகம். கிரெஸ் என்றால் ஆளிவிதைதானே? கடையில் ஆளிவிதை என்று கேட்டால் ஒரு கடையில் பளபளவென்று தட்டையாகத் தருகிறார்கள், இன்னொரு கடையில் செம்பழுப்பாகப் பொடியாகத் தருகிறார்கள். இந்தச் செடி அதில் எது?

பெரியகொல்லை (ஏப்ரல் 21)

இரண்டும் இல்லை. தட்டையாகப் பளபளவென்று இருப்பது ஃபிளாக்ஸ், லினன் துணி நெய்கிற நார்ச்செடியின் விதை, இந்தக் குடும்பமே கிடையாது. செம்பழுப்பாக, தண்ணீரில் போட்டால் வழவழவென்று கூழ் கட்டுவது கார்டன் கிரெஸ், லெபிடியம் சடைவம், வடக்கே ஹலீம், மராத்தியில் அளீவ் என்பார்கள், பிள்ளை பெற்றவளுக்கு லட்டு பிடித்துக் கொடுப்பார்கள். தமிழில் இரண்டுக்கும் ஆளிவிதை என்று ஒரே பெயர் விழுந்து, வாங்குகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்.

இந்த ஊரில் குழந்தைகள் பள்ளியில் முட்டை ஓட்டில் ஈரப்பஞ்சு வைத்து முளைக்க வைப்பது அந்த கார்டன் கிரெஸ்தான். நம் பிட்டர்கிரெஸ் அதற்கு ஒன்றுவிட்ட பங்காளி. 'கிரெஸ்' என்பது ஒரே செடியின் பெயர் இல்லை. காரமாக இருக்கிற சின்ன இலைக்கெல்லாம் வெள்ளைக்காரன் அந்தப் பெயரை வைத்துவிட்டான், நாம் எதற்கெடுத்தாலும் 'கீரை' என்று சொல்வது மாதிரி.

குன்னூர்க்காற்று (ஏப்ரல் 21)

அப்போது வாட்டர்கிரெஸ்? என் தங்கை டெர்பிஷயரில் இருக்கிறாள். ஆட்டு மேய்ச்சல் நிலத்தில் ஓடையில் கொத்துக் கொத்தாகக் கிடக்கிறது, பறித்து சாலட் செய்யப் போகிறேன் என்று நேற்றுதான் படம் அனுப்பினாள்.

பெரியகொல்லை (ஏப்ரல் 21)

முதலில் அவளுக்குப் போன் போடுங்கள். பச்சையாகச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

ஆடு மாடு மேய்கிற இடத்து ஓடை வாட்டர்கிரெஸ்ஸில் கல்லீரல் தட்டைப்புழு ஒட்டியிருக்கலாம். ஆட்டின் சாணத்தில் முட்டை வரும், தண்ணீரில் பொரிந்து ஒரு சின்ன நத்தைக்குள் போய்ப் பெருகி, வெளியே வந்து நீர்ச்செடியின் இலையிலும் தண்டிலும் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும். ஆடு தின்றாலும் நாம் தின்றாலும் அதற்கு ஒன்றுதான், நேராகக் கல்லீரலுக்குப் போகும். உப்புத் தண்ணீர், வினிகர் எதில் கழுவினாலும் முழுக்கப் போய்விட்டது என்று நம்ப முடியாது. நன்றாக வேக வைத்தால் செத்துவிடும், சூப் வைத்துச் சாப்பிடலாம்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று. அதே ஓடைக்கரையில் ஹெம்லாக் வாட்டர் டிராப்வர்ட் என்று ஒன்று வளரும், கொத்தமல்லிக் குடும்பம், இலை பார்க்கக் கொத்தமல்லி, செலரி மாதிரி இருக்கும். பிரிட்டனின் கொடிய விஷச் செடிகளில் அது ஒன்று, ஆளையே கொல்லும். கொத்தாகப் பறிக்கும்போது நடுவில் அது ஒரு கீற்று வந்தால்கூடப் போதும்.

கடையில் வருகிற வாட்டர்கிரெஸ்ஸுக்கு இந்தப் பயம் இல்லை. கென்ட்டில் நார்த்ஃபிளீட் பக்கம் ஸ்பிரிங்ஹெட் என்ற இடத்தில் 1808இல் வில்லியம் பிராட்பெரி என்பவர் முதன்முதலில் வியாபாரத்துக்குப் பயிரிட்டார். இப்போது ஹாம்ஷயர், டார்செட் பக்கம் பாத்திகள். சுண்ணப்பாறைக்குள்ளிருந்து வருகிற ஊற்றுத் தண்ணீரை விடுவார்கள், ஆடு மாடு அண்டாது. அந்தத் தண்ணீர் கோடையிலும் குளிரிலும் 10, 11 டிகிரியிலேயே இருக்கும், அதனால்தான் வெளியே உறைபனி இருந்தாலும் பாத்தியில் பச்சை நிற்கிறது.

குன்னூர்க்காற்று (ஏப்ரல் 21)

பேசிவிட்டேன். ஏற்கெனவே பறித்து ஃபிரிட்ஜில் வைத்திருந்தாள். சூப் ஆகிறது. நன்றி சார்.

வாய்க்கால் (ஏப்ரல் 21)

இதைத்தான் முதலிலேயே சொன்னேன்.

கொக்குவிலாள் (ஏப்ரல் 21)

அண்ணை, தொட்டியில் முளைக்கிறதுக்கு ஓடையும் இல்லை, ஆடும் இல்லை. அதுதான் எனக்கு இதில் பிடித்த விசயம். ஆனால் தொட்டிக்கும் நரி வரும், பூனை வரும். நிலத்தில் இருக்கிற தொட்டியில் நான் பறிப்பதில்லை, மேசைக்கு மேலே இருக்கிறதில் மட்டும். நத்தை மருந்து போட்ட தொட்டியையும் விட்டுவிடுங்கள். நர்சரியிலிருந்து வந்த புதுத் தொட்டியில் என்ன மருந்து அடித்தார்கள் என்று எங்களுக்குத் தெரியாது, ஒரு பருவம் போகட்டும், அதன் பிள்ளைகள் வந்தால் பறியுங்கள். பிள்ளைகள் வருமா என்று கேட்காதீர்கள், வரும்.

பெரியகொல்லை (ஏப்ரல் 22)

அக்கா சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே தொட்டியில் பெட்டி ஸ்பர்ஜ் என்று இன்னொரு குட்டிக் களை வரும், இளம்பச்சை, ஒடித்தால் பால் வடியும். நம் அம்மான் பச்சரிசியின் இனம்தான், யூபோர்பியா. ஊரில் அம்மான் பச்சரிசியை மருந்துக்கும் துவையலுக்கும் எடுத்த பழக்கத்தில் ஒருவர் இதைக் கீரை என்று நினைத்துப் பறித்ததை என் கண்ணால் பார்த்துத் தடுத்திருக்கிறேன். அதன் பால் தோலில் பட்டால் எரியும், கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். கிரவுண்ட்செல் என்று மஞ்சள் பூ பூக்கும் இன்னொன்றும் வரும், இலை ஓரம் வெட்டு வெட்டாக இருக்கும், அது கல்லீரலைக் கெடுக்கும். ஆக ஒடித்தால் பால் வரக்கூடாது, கசக்கினால் கடுகு வாசனை வரவேண்டும், குட்டி இலைகள் சோடி சோடியாக வட்டமாக இருக்கவேண்டும். மூன்றும் பொருந்தினால் மட்டும் பறியுங்கள். ஒன்று பொருந்தாவிட்டாலும் விடுங்கள்.

நுண்ணோக்கி (ஏப்ரல் 23)

வந்துவிட்டேன், நீளமாக எழுதுவேன், தேநீர் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டாசுக்காய் என்று அந்தக் குழந்தை சொன்னது நல்ல ஒப்பீடு, ஆனால் வேலை செய்யும் விதம் தலைகீழ். பட்டாசுக்காய் காய்ந்து பழுப்பான பிறகு, ஈரம் பட்டதும் வெடிக்கும். வெடித்துப் பரவும் மற்ற பல காய்களும் காய்ந்து சுருங்கும்போது உண்டாகும் இழுவையில்தான் வெடிக்கின்றன. பிட்டர்கிரெஸ் பச்சையாக, நீர் நிறைந்து இருக்கும்போதே வெடிக்கிறது, காயவேண்டிய அவசியமே இல்லை. காசித்தும்பை கொஞ்சம் இதற்குக் கிட்ட வரும்.

காயின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் இரண்டு பட்டைகள், நடுச்சுவரில் விதைகள் ஒட்டியிருக்கும். பட்டையின் வெளித்தோல் செல்களில் தண்ணீர் அழுத்தம் ஏற ஏற அவை தடிமனில் உப்பி, நீளத்தில் சுருங்கப் பார்க்கின்றன. செல்லின் வடிவமும் சுவரில் நார் ஓடும் திசையும் அப்படி. உள்தோலில் லிக்னின் என்ற மரப்பொருள் சேர்ந்த கெட்டியான அடுக்கு இருக்கிறது, அது சுருங்க மறுக்கிறது. வெளியே இழுக்கிறது, உள்ளே விட மாட்டேன் என்கிறது, அந்த இழுபறியில் விசை சேர்ந்துகொண்டே போகிறது. அப்படியானால் உடனே சுருள வேண்டியதுதானே, ஏன் காத்திருக்கிறது? ஆசாரி வைத்திருக்கும் எஃகு அளவு டேப்பைப் பாருங்கள். குறுக்கே லேசாக வளைந்திருக்கும் வரை நேராக விறைத்து நிற்கும், வளைவைத் தட்டையாக்கினால் சட்டென்று சுருண்டுவிடும். இந்தப் பட்டையும் குறுக்கே வளைந்திருக்கிறது. அந்த லிக்னின் ஒரே சீராகப் படியாமல், ஒவ்வொரு செல்லிலும் கீல் வைத்த மாதிரி படிந்திருக்கிறது. காய் முற்றி ஓரத்துப் பிடிப்பு விட்டதும், கீல் விரிந்து வளைவு தட்டையாகி, சேர்த்து வைத்த அத்தனை விசையும் ஒரே அடியில் சுருளாகிறது. சுருளும்போது விதையையும் சேர்த்து வீசுகிறது.

கொலோனில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் தாவர இனவிருத்தி ஆய்வு நிறுவனத்தில் ஏஞ்சலா ஹே குழு 2016இல் 'செல்' இதழில் இதை விளக்கினார்கள். பட்டை சுருள 3 மில்லி செகண்டுகூட ஆவதில்லை. விதை நொடிக்கு 10 மீட்டருக்கும் மேலான வேகத்தில் கிளம்புகிறது, மணிக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், சைக்கிளில் போகிறவரைத் தாண்டிவிடும். செடியைச் சுற்றி இரண்டு மீட்டர் வரை விழுகிறது. ஈரமண் சார், ஒருமுறை இமைக்க நமக்கு 100 மில்லி செகண்டுக்கு மேல் ஆகும். கண்ணை மூடியிருக்கலாமே என்று வருத்தப்படாதீர்கள், முடியாது.

ஈரமண் (ஏப்ரல் 23)

இதை என் பெண்ணிடம் வாசித்துக் காட்டினேன். மூன்று முறை திரும்ப வாசிக்கச் சொன்னாள். பிறகு வெளியே போய் மிச்சமிருந்த காய்களை எல்லாம் வெடித்துவிட்டு வந்திருக்கிறாள். பெரியகொல்லை அண்ணா, மன்னித்துவிடுங்கள்.

பெரியகொல்லை (ஏப்ரல் 23)

:) அடுத்த வருஷத்துக்கு உங்கள் வீட்டில் கீரைப் பஞ்சம் இல்லை.

மற்றவர்களுக்குச் சொல்கிறேன். காய்த்த செடியை அப்படியே பிடுங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையையோ நனைத்த செய்தித்தாளையோ மேலே கவிழ்த்து, அடியோடு சேர்த்துப் பிடித்து இழுங்கள், வேர் மெல்லியது, ஈர மண்ணில் தானாக வந்துவிடும். பையோடு குப்பையில். உரக்குழியில் போட்டால் அடுத்த வருஷம் தோட்டம் முழுக்க நீங்களே உங்கள் கையால் இறைத்தது போல் ஆகிவிடும்.

வாய்க்கால் (ஏப்ரல் 24)

இவ்வளவு விவரமாகச் சொல்கிறார்கள் என்பதால் கேட்கிறேன். என் வீட்டுச் சுவரோரம் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, ஆனால் தண்டு வளைந்து வளைந்து போகிறது, தண்டிலும் நிறைய இலை. அதுவும் இதுதானா?

நுண்ணோக்கி (ஏப்ரல் 24)

அது வேவி பிட்டர்கிரெஸ், கார்டமைன் ஃபிளெக்சுவோசாவாக இருக்கும். நிழலும் கூடுதல் ஈரமும் பிடிக்கும். சந்தேகம் இருந்தால் பூவை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஹிர்சுட்டாவில் பெரும்பாலும் மகரந்தத்தாள் நான்கு, ஃபிளெக்சுவோசாவில் ஆறு. கடுகுக் குடும்பத்தில் ஆறு இருப்பதுதான் வழக்கம், நம்முடையது இரண்டைக் கழற்றிவிட்டது. அதையும் சாப்பிடலாம்.

ஆசியாவில் நெல் வயல்களில் வருகிற ஒரு சொந்தக்காரன் உண்டு, முன்பு ஃபிளெக்சுவோசா என்று எழுதினார்கள், இப்போது ஒக்குல்ட்டா என்று தனி இனமாகப் பிரித்துவிட்டார்கள். ஜப்பானியர் அந்தக் கூட்டத்தை 'தனெத்சுகெபானா' என்கிறார்கள். விதைநெல் ஊறவைக்கும் பூ என்று பொருள். அது பூத்தால் நெல்லை ஊறப்போடுகிற காலம் வந்துவிட்டது என்று கணக்கு.

வாய்க்கால் (ஏப்ரல் 24)

இந்த ஒரு விஷயம் எனக்குப் பிடித்தது. எங்கள் அப்பா விதைநெல்லைச் சாக்கில் கட்டிக் கிணற்றுத் தொட்டியில் அமுக்கி வைப்பார், மேலே ஒரு கல். களையைப் பார்த்து நாள் குறிக்கிறவனும் விவசாயிதான்.

ஆறு இருக்கிறது. எண்ணிவிட்டேன்.

கொக்குவிலாள் (ஏப்ரல் 24)

அண்ணை கண்ணாடியோடு சுவரோரம் குந்தியிருந்து எண்ணியிருக்கிறார்!

குன்னூர்க்காற்று (ஏப்ரல் 25)

இதற்குத் தமிழில் பெயர் இல்லையா? 'கசப்புக் கிரெஸ்' என்று மொழிபெயர்த்தால் யார் சாப்பிடுவார்கள்?

பெரியகொல்லை (ஏப்ரல் 25)

கசப்பே பெரிதாகக் கிடையாது, காரம்தான் முன்னால் நிற்கும். என்னைக் கேட்டால் வெடிகடுகு.

நுண்ணோக்கி (ஏப்ரல் 25)

சுண்டுகடுகு. இங்கிலீஷிலும் ஃபிளிக்வீட் என்று சொல்கிறவர்கள் உண்டு, விரலால் சுண்டுகிற மாதிரி.

கொக்குவிலாள் (ஏப்ரல் 25)

நீங்கள் இரண்டு பேரும் அடிபடுங்கள். எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் "அது". "அது பறிச்சாச்சோ?"

ஈரமண் (ஜூன் 30)

சின்னத் தகவல். எல்லாம் காய்ந்து மறைந்துவிட்டது. தொட்டிகள் சுத்தம். ஜெயித்துவிட்டேன் என்று நினைக்கிறேன்.

நுண்ணோக்கி (ஜூன் 30)

வேண்டாம், அப்படி நினைக்காதீர்கள். புதிதாக விழுந்த விதை கோடையில் பெரும்பாலும் தூங்கும். வெயிலில் முளைத்தால் காய்ந்து சாகும் என்பதால் குளிர் தொடங்கும் வரை காத்திருக்கும். இலையுதிர் காலத்தில் முளைத்து, குளிரில் படுத்திருந்து, மற்ற செடிகள் கண் விழிப்பதற்குள் பூத்துக் காய்த்து வேலையை முடித்துக்கொண்டு போய்விடும். தொடர்ந்து தண்ணீர் ஊற்றும் தொட்டியாக இருந்தால் அதற்குக்கூடக் காத்திராமல் வருஷத்தில் இரண்டு மூன்று தலைமுறை ஓட்டிவிடும்.

ஈரமண் (அக்டோபர் 4)

நுண்ணோக்கி சார், நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது. செப்டம்பர் மூன்றாம் வாரம் இரண்டு நாள் மழை, அதற்கு அடுத்த வாரம் எல்லாத் தொட்டியிலும் பச்சைப் புள்ளிகள். என் பெண் அளவு டேப் எடுத்துப் போய் லாவெண்டர் தொட்டியிலிருந்து அளந்தாள். சிமென்ட் விரிசலில் ஒன்று 140 சென்டிமீட்டரில், தண்ணீர்க் குழாய்க்குக் கீழே ஒன்று 175இல். வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டுத் தொட்டியிலும் இருக்கிறது, அதை நாங்கள் அளக்கவில்லை, பேசவும் இல்லை.

கொக்குவிலாள் (அக்டோபர் 4)

வடிவாக இருக்கட்டும் தம்பி. இன்னும் ஆறு கிழமை விடுங்கள். முழுச் செடியையும் பிடுங்காமல் வெளி வட்டத்து இலைகளை மட்டும் கத்தரிக்கோலால் வெட்டினால் நடுவிலிருந்து திரும்ப வரும். மொட்டுத் தெரிந்த அன்றைக்கு மட்டும் இரக்கம் பார்க்காமல் பிடுங்குங்கள், அந்தக் குருத்தும் சம்பலுக்கு நல்லது.

குன்னூர்க்காற்று (அக்டோபர் 5)

ஈரமண், கொஞ்சம் விதை கவரில் போட்டு அனுப்ப முடியுமா? குன்னூர்க் குளிருக்கு வரும் என்று தோன்றுகிறது.

பெரியகொல்லை (அக்டோபர் 5)

அனுப்பாதீர்கள். தபாலில் விதை அனுப்பச் சட்டமும் விடாது. சட்டத்தை விடுங்கள், ஒரு களையை மலைக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு யார் பதில் சொல்வது? நீலகிரியில் வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்ட முட்செடியெல்லாம் போதாதா?

குன்னூர்க்காற்று (அக்டோபர் 5)

சரிதான் சார். கேட்டதை மறந்துவிடுங்கள். கடுகை முளைக்க வைத்துச் சம்பல் செய்து பார்க்கிறேன்.

ஈரமண் (டிசம்பர் 13)

முதல் அறுவடை. மேசைமேல் இருக்கும் நான்கு தொட்டியில் ஒரு கைப்பிடி தேறியது, இரண்டு கைப்பிடி வரவில்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மாவிடம் இலையைக் கொடுத்தேன், கசக்கி முகர்ந்து பார்த்துவிட்டு "முள்ளங்கிக் குருத்துலா இது" என்றார். தேங்காய்த் துருவல், சின்ன வெங்காயம், எலுமிச்சை. அக்கா சொன்ன அளவில் பச்சைமிளகாய் ஒன்றுதான் போட்டோம், அம்மா இன்னொன்று கேட்டார். மனைவி முதல் வாய்க்குப் பிறகு பேசவில்லை, தட்டில் மிச்சமும் இல்லை.

லாவெண்டர் போய்விட்டது, வேர் அழுகல். அந்தத் தொட்டியை அப்படியே மேசைமேல் ஏற்றி வைத்திருக்கிறேன். என் பெண் குச்சி நட்டு அதில் "அது" என்று எழுதி ஒட்டியிருக்கிறாள்.